சூரியன் வராத நான்கு மாதம்!

ஓடைப்பட்டியில் மார்கழி மாத அதிகாலையை நினைத்துப் பாருங்கள், குழந்தைகளே! திராட்சைப் பந்தல்களின் மேல் பனி இறங்கியிருக்கும். மேகமலைப் பக்கமிருந்து சில்லென்று காற்று வரும். அம்மா எத்தனை முறை கூப்பிட்டாலும் போர்வையை விட்டு எழுந்திருக்க மனமே வராது. ஆனால் எட்டு மணி ஆகிவிட்டால் போதும். சுள்ளென்று வெயில் வந்துவிடும். குளிர் போன இடம் தெரியாது.

சரி, மழைக்காலம் வருவதற்கு முன் உங்கள் வீட்டுப் பாட்டி என்னென்ன செய்வார்? கோடை வெயில் அடிக்கும்போதே வத்தலும் வடகமும் போட்டு, காய வைத்து, டப்பாவில் அடைத்து விடுவார். விறகை நனையாத இடத்தில் அடுக்கச் சொல்வார். தாத்தா கூரை மேல் ஏறி உடைந்த ஓட்டை மாற்றுவார். அந்தக் காலத்தில் கம்பையும் சோளத்தையும் குலுக்கையில் கொட்டி மூடி வைத்தார்கள். மழை வந்த பிறகு காய்ந்த விறகு தேடினால் கிடைக்குமா? கிடைக்காது. அதனால்தான் முன்கூட்டியே இத்தனை ஏற்பாடு!

இப்போது ஒரு கேள்வி. நீங்கள் போய் இறங்கியிருக்கும் ஓர் இடத்தில் நான்கு மாதத்துக்குச் சூரியனே வராது. குளிர், தண்ணீர் உறையும் நிலைக்குக் கீழே 50 டிகிரிக்குப் போகும். பக்கத்தில் கடை கிடையாது. உப்பு தீர்ந்துவிட்டால் எதிர் வீட்டில் கேட்டு வாங்க முடியாது. எதிர் வீடே கிடையாது! அங்கே ஒன்பது பேரும் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்களும் உயிரோடு இருக்க வேண்டும். வீட்டை எப்படித் தயார் செய்வீர்கள்?

1911-ஆம் ஆண்டில் இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் ரோல்ட் அமுண்ட்சென். உலகத்திலேயே முதன்முதலாகத் தென் துருவத்தில் கால் வைத்த குழுவின் தலைவர். அவர் துருவத்தில் கொடி நட்டதைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதற்கு முன் அவர் எப்படிக் குடித்தனம் நடத்தினார் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். துருவப் போட்டியின் பெரும்பகுதி அந்த வீட்டுக்குள்ளேயே முடிந்துவிட்டது என்று சொன்னால் நம்புவீர்களா?

ஜன்னலைத் திறந்து வைத்த பையன்

ஐரோப்பாவின் வடகோடியில் இருக்கிறது நார்வே நாடு. அங்கே 1872-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி அமுண்ட்சென் பிறந்தார். கப்பல் உரிமையாளர்கள் குடும்பம். நான்கு ஆண் பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. பதினான்கு வயதில் அப்பாவை இழந்தார்.

வட துருவக் கடலில் பயணம் செய்த ஜான் ஃப்ராங்க்ளின் என்ற ஆங்கிலேயரின் புத்தகங்கள் சிறுவனின் கையில் கிடைத்தன. பசியும் குளிரும் நிறைந்த கதைகள் அவை. வேறு பையன்களாக இருந்தால் பயந்திருப்பார்கள். இவருக்கோ தானும் அங்கே போக வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது!

அன்றிலிருந்து நார்வேயின் கடுங்குளிரிலும் படுக்கை அறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினார். எதற்கு என்று அம்மா கேட்டால், நல்ல காற்றுக்காக என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். உண்மையில் உடம்பைக் குளிருக்குப் பழக்கிக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு மகனை டாக்டராக்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவருக்காக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1893-இல் அம்மா இறந்தார். அதன் பிறகு அமுண்ட்சென் படிப்பை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார்.

தயாராக இல்லாத கப்பல்

அமுண்ட்சென்னின் முதல் பெரிய பாடம் ஒரு கஷ்டத்தில்தான் கிடைத்தது. 1897-இல் 'பெல்ஜிகா' என்ற கப்பலில் அவர் அண்டார்டிகாவுக்குப் போனார். 1898 மார்ச் மாதம் அந்தக் கப்பல் கடல் பனியில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை. பின்னாலும் வர முடியவில்லை. அதுவரை மனிதர் யாரும் அண்டார்டிக வட்டத்துக்குள் குளிர்காலத்தைக் கழித்ததில்லை.

அந்தக் கப்பல் குளிர்காலத்துக்குத் தயாராகவே இல்லை. நான்கு பேருக்கு மட்டும்தான் போதுமான குளிர் உடைகள் இருந்தன. சூரியன் மறைந்தது; இரண்டு மாதத்துக்கு மேல் இருட்டு. எல்லாரையும் ஸ்கர்வி என்ற நோய் பிடித்தது. பல் ஈறு வீங்கும், கால் வீங்கும், எழுந்து நடக்கக் கூடத் தெம்பு இருக்காது. வைட்டமின் 'சி' குறைந்தால் வருகிற நோய் அது. நமக்கு நெல்லிக்காயும் எலுமிச்சையும் கொய்யாவும் தருகிற அதே சத்துதான். அந்தக் காலத்தில் வைட்டமின் என்ற பெயரே யாருக்கும் தெரியாது.

கப்பலின் மருத்துவர் ஃப்ரெடரிக் குக். புதிதாகப் பிடித்த சீல், பென்குவின் இறைச்சியைச் சாப்பிட்டால் நோய் தீரும் என்று அவர் எடுத்துச் சொன்னார். கப்பல் தலைவருக்கு அந்த இறைச்சி பிடிக்கவில்லை. வேண்டாம் என்று மறுத்துவிட்டார். பிறகு தலைவரே படுத்த படுக்கையானார். அப்போது குக்கும் அமுண்ட்சென்னும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். பனிக்குள் புதைந்து கிடந்த சீல்களைத் தோண்டி எடுத்துச் சமைக்கச் சொன்னார்கள். போர்வைகளை வெட்டி உடைகள் தைத்தார்கள். படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்!

1899 மார்ச் மாதம்தான் கப்பல் பனியிலிருந்து விடுபட்டது. குளிர்காலம் மனிதனைக் கொல்லும். ஆனால் வீட்டைச் சரியாகத் தயார் செய்தவனை அதனால் கொல்ல முடியாது. இந்தப் பாடத்தை அமுண்ட்சென் மறக்கவே இல்லை.

நெட்சிலிக் மக்களிடம் படித்த பாடம்

அடுத்து 1903-இல் 'யோவா' என்ற சின்னக் கப்பலில், தம்மோடு சேர்த்து ஏழே பேருடன் கிளம்பினார். கனடாவின் வடக்கே பனிக்கடல் வழியாக அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து பசிபிக் பெருங்கடலுக்குப் போக வேண்டும். பல நூறு ஆண்டுகளாகப் பலர் முயன்றும் ஒரே கப்பலில் யாரும் முழுமையாகக் கடக்காத வழி அது. அமுண்ட்சென் 1906-இல் அதைக் கடந்து முடித்தார்.

வழியில் கிங் வில்லியம் தீவில் இரண்டு குளிர்காலங்கள் தங்கினார். அங்கே நெட்சிலிக் என்ற இன்யூட் மக்கள் வாழ்ந்தார்கள். அந்தக் காலத்து ஐரோப்பியர் பலர் அவர்களைப் படிக்காதவர்கள் என்று ஒதுக்கினார்கள். அமுண்ட்சென் அப்படி நினைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்தக் குளிரில் பிள்ளை பெற்று வளர்க்கிற மக்களை விட நல்ல வாத்தியார் யார்?

அவர்களிடம் என்ன கற்றார் தெரியுமா? விலங்கின் ரோமத் தோலை உடம்போடு ஒட்டாமல் தொளதொளவென்று இரண்டு அடுக்காகப் போட வேண்டும். அடுக்குகளுக்கு இடையே நிற்கும் காற்று சூட்டை வெளியே விடாது. வேகமாக ஓடி வியர்க்கக் கூடாது. வியர்வை உறைந்தால் ஆபத்து. பனியைச் செங்கல் போல அறுத்து வீடு கட்டலாம். நாய்களைப் பூட்டி வண்டி ஓட்டலாம். எல்லாவற்றையும் ஒரு மாணவனைப் போலக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

தோட்டத்தில் கட்டிய வீடு

முதலில் வட துருவத்துக்குப் போகத்தான் அமுண்ட்சென் திட்டமிட்டார். ஆனால் 1909-இல் வட துருவத்தை அடைந்துவிட்டதாக அமெரிக்கர்கள் இருவர் அடுத்தடுத்து அறிவித்தார்கள். அதில் ஒருவர் அதே டாக்டர் குக்! அமுண்ட்சென் மனதுக்குள் திட்டத்தை மாற்றினார். தென் துருவம் என்று முடிவு செய்தார். ஆனால் அதை வெளியே சொல்லவில்லை. ஆங்கிலேயர் ராபர்ட் ஸ்காட்டும் தென் துருவத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரிடமும் சொல்லவில்லை; கப்பல் கொடுத்து உதவிய ஃப்ரிட்யோஃப் நான்சென் என்ற பெரியவரிடமும் சொல்லவில்லை. இதற்காகப் பலர் பிற்காலத்தில் அவரைக் குறை சொன்னார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

கிளம்புவதற்கு முன் தன் வீட்டுத் தோட்டத்திலேயே ஒரு மர வீட்டைக் கட்டினார். நீளம் சுமார் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர். நம் ஊர்ப் பள்ளியில் ஒரு வகுப்பறை அளவு இருக்கும். ஒரு பெரிய அறை, ஒரு சமையலறை, மேலே பரண். சுவர் பல அடுக்குகள் கொண்டது. தச்சர் யோர்கன் ஸ்டூபெருட் கட்டிய வீடு அது. கட்டி முடித்ததும் பலகைகளுக்கு எண் போட்டு, பிரித்துக் கட்டிக் கப்பலில் ஏற்றினார்கள். அங்கே போய் ஒரு பலகை குறைகிறது என்று தெரிந்தால் என்ன செய்வது? அதனால்தான் ஒத்திகை!

1910 ஆகஸ்ட் மாதம் 'ஃப்ராம்' கப்பல் கிளம்பியது. அதில் 97 கிரீன்லாந்து நாய்கள் இருந்தன. வழியில் மதெய்ரா தீவில் நின்றபோதுதான், போகிற இடம் தென் துருவம் என்று எல்லாருக்கும் சொன்னார். ஒருவர் கூடப் பின்வாங்கவில்லை. ஸ்காட்டுக்கு ஒரு தந்தி போனது.

1911 ஜனவரி 14-ஆம் தேதி அண்டார்டிகாவின் திமிங்கில விரிகுடாவை அடைந்தார்கள். வழியில் குட்டிகள் பிறந்ததால் நாய்களின் எண்ணிக்கை 116 ஆகியிருந்தது!

கோடையிலேயே குளிருக்கு ஏற்பாடு

பூமியின் தென் பாதியில் பருவங்கள் நமக்குத் தலைகீழ். நமக்கு அக்னி நட்சத்திரம் கொளுத்தும் மே மாதத்தில் அங்கே கடுங்குளிர். ஜனவரி மாதம்தான் அங்கே கோடை. அமுண்ட்சென்னின் கையில் மூன்று மாதம் இருந்தது. அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

பனித் தரையில் பள்ளம் தோண்டி, வீட்டைப் பாதி புதைந்தாற்போல நிறுத்தினார்கள். காற்று தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதல்லவா? ஜனவரி 28-ஆம் தேதி குடிபுகுந்தார்கள். வீட்டுக்கு 'ஃப்ராம்ஹெய்ம்' என்று பெயர். ஃப்ராமின் வீடு என்று பொருள். சுற்றிலும் நாய்களுக்கும் சாமான்களுக்கும் கூடாரங்கள் அடித்தார்கள்.

அடுத்த வேலை இறைச்சி சேர்ப்பது. பெல்ஜிகாவில் படித்த பாடம் மறக்குமா? குளிர்காலம் வந்தால் சீல்கள் கண்ணில் படாது. அதனால் முன்பே வேட்டையாடி, சுமார் 60 டன் இறைச்சியைச் சேர்த்துவிட்டார்கள். அண்டார்டிகாவில் பிரிட்ஜ் வேண்டுமா என்ன? வெளியே வைத்தாலே கல்லாக உறைந்துவிடும்.

மூன்றாவது வேலைதான் மிக முக்கியம். துருவத்துக்குப் போகும் வழியில் உணவைச் சேர்த்து வைப்பது. வீட்டிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரத்தில் முதல் கிடங்கு. தேனியிலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்புகிற தூரம் அது. அதற்கு அப்பால் நூற்றுப் பத்து கிலோமீட்டருக்கு ஒன்றாக இன்னும் இரண்டு. மூன்று கிடங்குகளிலும் சேர்த்து மூன்று டன்னுக்கு மேல் உணவு வைத்தார்கள்.

எங்கு பார்த்தாலும் வெள்ளை வெளேர் என்று இருக்கும் இடத்தில், திரும்பி வரும்போது கிடங்கை எப்படிக் கண்டுபிடிப்பது? கிடங்கின் இடப்பக்கமும் வலப்பக்கமும் பல கிலோமீட்டர் தூரத்துக்கு வரிசையாகக் கொடிகளை நட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வழி தவறி வந்தாலும் ஏதாவது ஒரு கொடி கண்ணில் படும். அதன் எண்ணைப் பார்த்தால் கிடங்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். பாதையில் நடக் கொடி போதாதபோது என்ன செய்தார்கள் தெரியுமா? காய வைத்த மீனைப் பனியில் நட்டு வைத்தார்கள். கருவாடுதான் வழிகாட்டி மரம்!

பனிக்குள்ளே ஒரு தெரு

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் மறைந்தது. கப்பல் முன்பே போய்விட்டது. இனி ஒன்பது பேர்தான்.

காற்று கொண்டுவந்து கொட்டிய பனியில் வீடே மூடிப்போனது. அதை வெட்டி வெட்டிக் களைத்துப் போவதற்குப் பதிலாக, பனிக்குள்ளேயே சுரங்கம் தோண்டினார்கள். தச்சுப் பட்டறை, தையல் அறை, துணி அறை, விறகும் கரியும் மண்ணெண்ணெயும் வைக்கும் அறை, நீராவிக் குளியல் அறை என்று ஒரு தெருவே உருவானது. வெளியே புயல் அடித்தாலும் அவர்கள் வீட்டுக்குள்ளிருந்தே வேலைக்குப் போய் வந்தார்கள்.

இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் மனம் சோர்ந்துவிடும் என்பதை அமுண்ட்சென் பெல்ஜிகாவில் பார்த்திருந்தார். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுத்தார். காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து மாலை ஐந்து மணிக்கு மேல் வரை, நடுவில் சாப்பாட்டு நேரம் விட்டு, வேலை நடந்தது.

ஓலாவ் ப்யோலன் சறுக்கு வண்டிகளை இழைத்து இழைத்து எடையைக் குறைத்தார். ஆஸ்கர் விஸ்டிங் தையல் மிஷினில் கூடாரங்களைத் திருத்தித் தைத்தார். கூடாரத்தோடு தரையையும் சேர்த்துத் தைத்ததால் காற்று கீழ்வழியாக நுழையாது. ஹ்யால்மர் யோஹான்சன் பிஸ்கட்டுகளை எண்ணி எண்ணிப் பெட்டியில் அடுக்கினார். பெட்டிகளின் மேல் பால் கேனுக்கு இருப்பது போல வட்டமான மூடி. வண்டியில் கட்டிய கயிற்றை அவிழ்க்காமலே சாப்பாட்டை எடுக்கலாம். விரல் விறைக்கும் குளிரில் கயிறு அவிழ்ப்பது எவ்வளவு கஷ்டம்! அதை வீட்டிலேயே யோசித்திருந்தார்கள். காலணிகளை மட்டும் பல முறை பிரித்துப் பிரித்துத் தைத்தார்கள்.

அடுப்படிக்கு ராஜா அடோல்ஃப் லின்ட்ஸ்ட்ரம். காலையில் சுடச்சுட அப்பம், பழப்பாகு. மதியமும் இரவும் சீல் இறைச்சி. அதிகம் வேக விடாமல் எடுத்துவிடுவார். அதிகம் வெந்தால் சத்து போய்விடும். தவிட்டோடு கூடிய கோதுமை ரொட்டியும் உண்டு. ஒருவருக்குக் கூட ஸ்கர்வி வரவில்லை!

தரையைக் கழுவ வேண்டுமா? சாப்பாட்டு மேசையைக் கயிற்றால் கூரை வரை தூக்கிவிடலாம். சின்ன வீட்டில் எப்படி யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

விளையாட்டும் உண்டு. காலையில் எழுந்ததும் ஒவ்வொருவரும் வெளியே போய், இன்று எத்தனை டிகிரி குளிர் என்று தெர்மாமீட்டரைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்பவருக்குப் பரிசு. விளையாட்டுக்கு விளையாட்டு, எல்லாரும் தினமும் வெளிக்காற்றைச் சுவாசிப்பார்கள், பயணத்தில் தெர்மாமீட்டர் உடைந்தாலும் குளிரைக் கணிக்கத் தெரிந்திருக்கும்!

அவசரம் செய்த தவறு

இவ்வளவு நிதானமான மனிதர் தவறே செய்யவில்லையா? செய்தார், குழந்தைகளே. பெரிய தவறு.

ஆகஸ்ட் 24-ஆம் தேதி சூரியன் திரும்ப வந்தது. எல்லாம் தயார். ஆனால் குளிர் குறையவில்லை. ராஸ் கடலின் மறு பக்கத்தில் ஸ்காட் தங்கியிருந்தார். அவரிடம் மோட்டார் வண்டிகள் இருந்தன. அவர் முந்திவிடுவாரோ என்ற கவலை அமுண்ட்சென்னை அரித்தது. கொஞ்சம் பொறுக்கலாம் என்று அனுபவசாலியான யோஹான்சன் சொல்லிப் பார்த்தார். அமுண்ட்சென் கேட்கவில்லை.

செப்டம்பர் 8-ஆம் தேதி எட்டு பேர் கிளம்பினார்கள். நான்கே நாளில் குளிர் உறைநிலைக்குக் கீழே 56 டிகிரிக்கு இறங்கியது. திசைகாட்டிக்குள் இருந்த திரவம் உறைந்துபோனது. நாய்களின் பாதங்கள் புண்ணாகின. முதல் கிடங்கில் சாமான்களை இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று.

திரும்பும் வழியில் நடந்ததுதான் இன்னும் வருத்தமானது. வீடு கிட்டத்தில் வந்ததும் அவரவர் முடிந்த வேகத்தில் ஓட்டினார்கள். முன்னால் போன அமுண்ட்சென், பின்னால் வருபவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. குதிகால் உறைந்துபோன பிரெஸ்ட்ருட் என்ற இளம் அதிகாரி கடைசியில் தனியாகத் தடுமாறிக்கொண்டிருந்தார். யோஹான்சன் அவருக்காக நின்று, உணவும் அடுப்பும் இல்லாமல், இருட்டில் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார். நள்ளிரவு தாண்டித்தான் இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள். மூன்று பேருக்குக் குதிகாலில் பனிப்புண். சில நாய்கள் மடிந்தன.

மறுநாள் காலை எல்லார் முன்னிலையிலும் யோஹான்சன் தலைவரின் தவறைச் சொன்னார். சொன்னது உண்மைதான். ஆனால் அமுண்ட்சென்னால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. யோஹான்சனைத் துருவப் பயணத்திலிருந்தே நீக்கிவிட்டார். ஓர் உயிரைக் காத்தவருக்கு அந்தப் பெருமை கிடைக்காமல் போனது. பெரிய மனிதர்களும் சில சமயம் சிறியவர்களாக நடந்துகொள்வார்கள் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

ஆனாலும் ஒன்று கவனியுங்கள். தவறு நடந்தபோது அவர்களைக் காப்பாற்றியது எது? திரும்பி வர ஒரு சூடான வீடு இருந்தது. அடுப்பில் நெருப்பு இருந்தது. மருந்து போட, ஒரு மாதம் படுத்து ஆறிக்கொள்ள இடம் இருந்தது. தயாராக இருந்த வீடு, தலைவர் செய்த தவறையும் தாங்கிக்கொண்டது.

துருவமும் திரும்பலும்

இந்த முறை பொறுமையாகக் காத்திருந்தார்கள். அக்டோபர் மூன்றாம் வாரம் ஐந்து பேர், நான்கு வண்டிகள், 52 நாய்களுடன் பயணம் தொடங்கியது. அமுண்ட்சென்னோடு போனவர்கள் ஹெல்மர் ஹான்சன், ஸ்வெர்ரெ ஹாசல், விஸ்டிங், ப்யோலன். வழியில் ஆள் உயரத்துக்கு 150 பனித் தூண்களைக் கட்டிக்கொண்டே போனார்கள். திரும்பும்போது அடையாளம் தெரிய வேண்டுமே!

மனதை வருத்தும் ஒரு செய்தியும் உண்டு. மலை மேல் ஏறிய பிறகு, வண்டி இழுத்த நாய்களில் 24-ஐக் கொன்று உணவாக்கினார்கள். அதுவும் முன்பே போட்ட கணக்கு. அதைச் செய்தவர்களுக்கும் அந்த இரவு கொடுமையாகவே இருந்தது.

1911 டிசம்பர் 14-ஆம் தேதி தென் துருவத்தை அடைந்தார்கள். 1912 ஜனவரி 25-ஆம் தேதி ஐந்து பேரும் நலமாக வீடு திரும்பினார்கள். 99 நாளில் சுமார் 3,400 கிலோமீட்டர்! அதிகாலை நேரம். மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சத்தமில்லாமல் கதவைத் திறந்து உள்ளே போய் எழுப்பினார்கள். ஃப்ராம்ஹெய்மில் அன்று எப்படிப்பட்ட காலை விடிந்திருக்கும்!

ஸ்காட் குழுவினர் ஐந்து பேர் 1912 ஜனவரி 17-ஆம் தேதி துருவத்தை அடைந்தார்கள். அங்கே நார்வேக் கொடி அவர்களை வரவேற்றது. திரும்பும் வழியில் ஐவருமே இறந்தார்கள். ஸ்காட்டும் கடைசி இரு தோழர்களும் உயிர் விட்ட கூடாரத்திலிருந்து அடுத்த உணவுக் கிடங்கு சுமார் 20 கிலோமீட்டர்தான். அவர்களும் வீரர்களே, சேகரித்த பாறைகளைக் கடைசி வரை கைவிடாமல் அறிவியலுக்கு உதவியவர்கள். அந்த மார்ச் மாதம் குளிரும் வழக்கத்தைவிடக் கொடியதாக இருந்தது. ஆனால் கிடங்கு இன்னும் கொஞ்சம் அருகில் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கடைசிப் பயணம்

1926-இல் அமுண்ட்சென் 'நோர்கே' என்ற ஆகாயக் கப்பலில் வட துருவத்தின் மேல் பறந்தார். அதை ஓட்டியவர் இத்தாலியரான உம்பர்டோ நோபிலே. பயணத்துக்குப் பின் இருவருக்கும் கடும் சண்டை, பேச்சே இல்லை.

1928-இல் நோபிலே வேறோர் ஆகாயக் கப்பலில் போய், வட துருவப் பனியில் விழுந்துவிட்டார். செய்தி வந்ததும் அமுண்ட்சென் சண்டையை எண்ணிப் பார்க்கவில்லை. அவரைத் தேடிக் கிளம்பினார். ஜூன் 18-ஆம் தேதி நார்வேயின் ட்ரோம்சோ நகரிலிருந்து புறப்பட்ட அவரது விமானம் திரும்பவே இல்லை. அவர் உடல் கிடைக்கவும் இல்லை. நோபிலே வேறு மீட்புக் குழுவால் காப்பாற்றப்பட்டார்.

ஃப்ராம்ஹெய்ம் வீடும் இன்று இல்லை. அது நின்ற பனிப்பரப்பு உடைந்து கடலில் கலந்துவிட்டது. ஆனால் அந்த வீட்டின் பாடம் கலையவில்லை. தென் துருவத்தில் இன்று இருக்கும் அமெரிக்க ஆய்வு நிலையத்துக்கு அமுண்ட்சென், ஸ்காட் இருவரின் பெயரும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். நம் இந்தியாவுக்கும் அண்டார்டிகாவில் மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே குளிர்காலத்தில் தங்கும் நம் நாட்டவருக்கும், இருட்டு வருவதற்கு முன்பே உணவும் எரிபொருளும் வந்து சேர்ந்துவிடும்.

குழந்தைகளே! நமக்கு உறைபனி இல்லை. ஆனால் பரீட்சை வரும்; மழை வரும்; வறட்சி வரும். எது வரும் என்று தெரிகிறதோ, அதற்கு இன்றே ஏற்பாடு செய்யலாம். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கலாம், அமுண்ட்சென் நெட்சிலிக் மக்களிடம் கேட்டது போல. தயாரான பிறகு அவசரப்படாமல் நேரம் பார்க்கலாம். அதை அமுண்ட்சென்னே ஒருமுறை தவறவிட்டுத்தான் கற்றுக்கொண்டார்.

அடுத்த கோடையில் பாட்டி மொட்டை மாடியில் வடகம் காய வைக்கும்போது, காக்கா ஓட்டக் கூப்பிட்டால் முணுமுணுக்காமல் போங்கள். மழை நாளில் சுடுசோற்றோடு அந்த வடகத்தைக் கடிக்கும்போது, தூரத்துப் பனிக்குள் புதைந்திருந்த அந்தச் சின்ன வீட்டையும் அடுப்படியில் நின்ற லின்ட்ஸ்ட்ரத்தையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்!